இலை உதிர்வது இப்போதுதான்

மகளை எல்கேஜிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து வந்தேன். யூகேஜியில் சேர்க்க மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சீட் கிடைக்காவிட்டால் அந்தப் பழி என் தலையில்தான் விழும் என்று எனக்குத் தெரியும்.

வசந்தகாலத்தில் குழந்தைகளோடு செய்ய வேண்டியவை என்று இணையத்தில் கிடைத்த தாள்களை அச்செடுத்து வைத்திருந்தேன். பனி உருகிய இடத்தில் முளைக்கும் முதல் பூவைத் தேடச் சொன்னது முதல் தாள். அபிராமபுரத்தில் பனிக்கு எங்கே போவது? தாள்களை விட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தெருவில் இருப்பதைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம்.

மாசி மாதம். எதிர்வீட்டுப் பாதாம் மரம் சிவந்த இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. தெருமுனை அரசமரம் ஒரு பக்கம் மொட்டையாகவும் மறுபக்கம் செம்புநிறத் தளிராகவும் நின்றது. அவள் இலைகளைப் பொறுக்கினாள். நிறம் பார்த்துப் பிரித்தாள். ஓட்டை விழுந்த இலையை முகமூடியாக வைத்து என்னைப் பார்த்தாள். சிரித்தேன். சிரிக்கும்போதே, இவள் வயதுப் பிள்ளைகள் இந்நேரம் வகுப்பில் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் என் கணவர் தி.நகரிலிருந்து படஅட்டைகள் வாங்கிவந்தார். ஒன்றில் சிவப்பு மரம், கீழே உதிர்ந்த இலைகள்.

"இலை விழற சீசன் எப்ப வரும், சொல்லு பாப்பம்."

"இப்ப."

"இல்லடா. அக்டோபர். தீபாவளி வருதுல்ல, அப்ப."

"தீபாவளிக்கு மழைப்பா. நம்ம பட்டாசெல்லாம் நமுத்துப் போச்சே!"

அவர் என் பக்கம் திரும்பினார். "இதத்தான் உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தியா?"

"உக்கார வெச்சு இல்லைங்க, நடந்துக்கிட்டே" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நானே சரிசெய்யப் பார்த்தேன். குளிர் நாடுகளில் மரங்கள் வேறு மாதிரி, அங்கே அக்டோபரில் இலை உதிரும் என்றேன்.

"நீ பாத்திருக்கியாம்மா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றேன். அவள் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினாள் என்று புரியாமல் அன்று முழுவதும் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். மனப்பாடம் செய்யவைக்கலாமா? ஒரு பதில்தானே? கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவளை மாற்றிச் சொல் என்று எப்படிச் சொல்வது? அட்டைகளை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

நேர்காணலில் பெற்றோர் வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். டீச்சர் எண் கேட்டார், நிறம் கேட்டார். எல்லாம் டாண் டாண் என்று சொன்னாள். பிறகு மேசையில் அதே மாதிரி ஒரு சிவப்பு மரம் வந்தது.

"இந்த சீசன் எப்ப வரும் கண்ணா?"

"இப்பதான் வந்துக்கிட்டிருக்கு."

"இப்பவா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அக்டோபர்னு அப்பா சொன்னாங்க. ஆனா அப்ப மழை பெய்யும். அம்மா இந்த மரத்தப் பாத்ததே இல்ல."

டீச்சர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இலை இப்ப விழும்னு யார் சொல்லிக் குடுத்தாங்க?"

அவள் என்னைக் காட்டினாள்.

அக்டோபரும் சொல்லியிருக்கிறோம் மேடம், பதற்றத்தில் உளறுகிறாள் மேடம் என்று என்னென்னவோ தொண்டைவரை வந்தது. "நான்தான் மேடம்" என்று மட்டும் சொன்னேன். அவர் குனிந்து வெகுநேரம் எதையோ எழுதினார். வெறும் சரி, தப்புக் குறி போட அவ்வளவு நேரம் ஆகாது.

வெளியே வந்ததும் கணவர் போன் செய்தார். "என்னாச்சு? அக்டோபர் சொன்னாளா?"

"சொன்னா. அப்பா சொன்னாங்கன்னு சொன்னா."

"ஐயோ, என்னையும் மாட்டி விட்டுட்டாளா?" என்றார். இந்தத் தடவை சிரித்துவிட்டார். எனக்குத்தான் முடியவில்லை.

சீட் கிடைத்தது. அந்தப் பதிலால் கிடைத்ததா, அந்தப் பதிலையும் மன்னித்துக் கொடுத்தார்களா என்று தெரியவில்லை. காலையில் பள்ளி வாசலில் அந்த டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுவிடலாம் என்று ஓரடி எடுத்து வைக்கிறேன். "குட் மார்னிங் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன்.