அட்ஜஸ்ட் அக்காவின் ஆமைகள்

பெண்கள் விடுதி நடத்தும் அந்த அம்மாளை நேரில் எல்லோரும் ‘அக்கா’ என்பார்கள். தலை மறைந்ததும் ‘அட்ஜஸ்ட் அக்கா’. இரண்டு கட்டில் கொள்ளும் அறையில் மூன்றைப் போட்டுவிட்டு, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா” என்று தலையைத் தடவிச் சொல்லத் தெரிந்தவர்.

வரவேற்பறையில் ஒரு மரப்பெட்டியில் ஆமை வளர்த்தார். ஒண்டியாகக் கிடக்கிறதே என்று மனசு கேட்காமல் இன்னொன்றையும் கொண்டுவந்து விட்டார். புதுசு பழசின் பின்னாலேயே சுற்றியது, முதுகில் ஏறிப் படுத்தது. அக்கா உருகிப்போனார்.

மாடி அறை நர்ஸ் ஒருநாள் கீழே வந்தாள். “அக்கா, கூட இருக்கறவ விடிய விடிய போன்ல கத்துறா. சிநேகிதிங்களக் கூட்டிட்டு வந்து என் கட்டில்ல உக்கார வெக்கிறா. அந்தச் சின்ன ரூமைக் குடுங்களேன். டியூட்டி முடிஞ்சா தூங்கணும்.”

அக்கா பெட்டியைக் காட்டினார். “இதுங்களப் பாரு, எவ்வளவு ஒத்துமை. சின்ன ரூம்ல பழைய மெத்தையா அடைஞ்சு கெடக்கு. அட்ஜஸ்ட் பண்ணிக்க.”

அந்த ஒற்றுமை தந்த தெம்பில் மூன்றாவது ஆமை வாங்கும் யோசனை வந்தது. எதற்கும் கேட்டுவிடலாமென்று இரண்டையும் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் போனார். அவர் பழசைத் தூக்கிப் பார்த்தார். காலில் கடித்த காயம். கையில் கனமே தெரியவில்லை.

“மூணாவதா? மொதல்ல இது ரெண்டையும் பிரிங்கம்மா.”

“ரொம்பப் பாசம் டாக்டர். மேலேயே ஏறிப் படுத்துக்கும்.”

“அது பாசமில்ல, அடாவடி. தீனிகிட்டப் போகவிடாம மறிச்சிருக்கு. இது பட்டினி.”

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் வேலையில் சுணங்கவில்லை. விடுதிக்குத் திரும்பிய கையோடு சின்ன அறை மெத்தைகள் மொட்டைமாடி ஏறின. அங்கே பழசுக்குத் தனிப்பெட்டி, விளக்கு, கீரை எல்லாம் வந்தன.

“இந்த ரூமை ஒழிக்க இவ்வளவு நேரந்தான் ஆகுமா?” என்றார் கணவர். குத்தலா, நிஜமான ஆச்சரியமா, அவருக்கே வெளிச்சம்.

டியூட்டி முடித்து வந்த நர்ஸ் அறை வாசலில் நின்றாள். “ரூம் காலியாயிடுச்சாக்கா?” குரலில் கோபமே இல்லை.

அக்கா வாயைத் திறந்தார். நாக்கில் வந்து நின்றது அந்த ஒரே சொல்தான். அதை விழுங்கிவிட்டுக் குனிந்து பெட்டியைத் தூக்கினார். “இதை எங்க ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடறேன். நீ வந்துடும்மா.”

“இருக்கட்டும்கா. நான் வேற எடம் பாத்துட்டேன். அது பாவம், இப்பத்தான் சாப்பிட ஆரம்பிச்சிருக்கு.”

பெட்டி கனத்தது. கீழே வைக்கவும் வெட்கமாக இருந்தது.