எந்தப் போதும்?

கழக்கூட்டம் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தப் பெரிய தள்ளுபடிக் கடைக்கு நாங்கள் போவது அரிசிக்கும் சோப்புத்தூளுக்கும்தான். ஆனால் அங்கே குக்கர் வரிசைக்கும் பள்ளிக்கூடப் பைகளுக்கும் நடுவே ஒரு கம்பித் தொட்டியில், சந்தையில் வெங்காயம் கொட்டுவது போலப் புத்தகங்களைக் கொட்டி வைத்திருப்பார்கள். எல்லாம் பாதி விலை. எல்லாம் மலையாளம், ஆங்கிலம்.

என் மகளுக்கு ஏழு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் மலையாளத்தில் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். என் கணவர் இந்த ஊரிலேயே வலியசாலையில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர், இரண்டு மொழியும் அவருக்கு ஒன்றுதான். "தன்னால வரும்" என்பார். நான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். எதுவும் தன்னால் வரும் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. பெற்ற மகளிடம் மனம்விட்டுப் பேச ஒருநாள் நான் வார்த்தை தேடி நிற்க வேண்டியிருக்குமோ என்ற பயம், சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கூடவே இருந்தது. ஃபிரிட்ஜில் உயிரெழுத்துப் படம் ஒட்டிப் பார்த்தேன். அவள் அதன்மேல் பூனை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை கணவர் பில் போடும் வரிசையில் இடம் பிடிக்கப் போனார். நானும் மகளும் தொட்டியைக் கிளறினோம். ஒரு புத்தகம்தான், அதுவும் நீயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அடியில் கையைவிட்டபோது ஒரு தமிழ்ப் புத்தகம் வந்தது. மழையில் நனையும் எருமை ஒன்று ஊர் முழுக்கக் குடை கேட்டு அலையும் கதை. பெரிய எழுத்து, அழகான படங்கள். இதையும் அவள் வேண்டாம் என்றால் இனி என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

கையில் கொடுத்தால் தள்ளிவிடுவாளோ என்று பயந்து, எனக்கே படித்துக்கொள்வது போல உரக்கப் படித்தேன். எருமைக்குத் தனிக்குரல்கூடக் கொடுத்தேன். குக்கர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். மானம் போனால் போகட்டும் என்று தொடர்ந்தேன். இரண்டாவது பக்கத்தில் மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, போதும். இது போதும்."

சரி என்று புத்தகத்தைத் தொட்டியில் போட்டேன். அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. கையில் கிடைத்த ஒரு ஆங்கில டைனோசரைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

வரிசையில் சாமான்களை எடுத்து வைக்கும்போது மகள் தேடினாள். "எருமை எவிடெ?"

"நீதானே போதும்னு சொன்ன?"

"ஆமா, போதும்னு பறஞ்ஞேனே!" அவள் உதடு பிதுங்கியது.

கணவர் சிரித்தார். "மலையாளத்துல 'இது மதி'ம்பாளே, அதத்தான் அவ தமிழ்ல சொல்லியிருக்கா. இதுதான் வேணும்னு அர்த்தம். எங்காத்துல எல்லாரும் அதத்தானே தமிழ்ல போதும்னு சொல்லுவா. நீ கேட்டதில்லயா?"

கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில், டீயா காபியா என்றதற்கு நாத்தனார் "எனக்குக் காபி போதும்" என்றபோது, ஊற்றிக்கொண்டிருந்த காபியை நிறுத்திவிட்டு அரை டம்ளரை நீட்டிய மகராசி நான். அப்போதும் புத்தி வரவில்லை.

மகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். தொட்டியில் எருமை இல்லை. மலையாளமும் ஆங்கிலமுமாகப் புரட்டித் தள்ளினேன். அப்போதுதான் பார்த்தேன், குக்கர் அம்மாளின் தள்ளுவண்டியில், புதுக் குக்கரின்மேல், எருமை உட்கார்ந்திருந்தது.

என் மலையாளம் கடைக்கும் ஆட்டோவுக்கும் காணும், கெஞ்சுவதற்குக் காணாது. "அது... எங்கள்..." என்று திணறினேன். பேரனுக்குப் படம் காட்ட எடுத்தேன் என்றார் அவர். நான் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மகள் முன்னால் போய் மலையாளத்தில் மளமளவென்று பேசினாள். கடைசியில் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. "அம்மைக்கு இதே வாயிக்கான் அறியூ." அம்மாவுக்கு இதைத்தான் படிக்கத் தெரியும்.

அந்த அம்மாள் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை நீட்டினார். சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

காரில் பின்சீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். எருமை தபால்காரரிடம் குடை கேட்கும் இடத்தில் அவள் என் தோளில் சாய்ந்தாள்.

"போதும், அம்மா."

எனக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது. "எந்தப் போதும்? அப்பா வீட்டுப் போதுமா, என் போதுமா?"

அவள் கண்ணை மூடியபடியே யோசித்தாள்.

"உன் போதும். ஒறக்கம் வருது."

நிறுத்தச் சொல்கிறாள், அவ்வளவுதான். ஆனால் என் தமிழில் சொல்கிறாள். நான் புத்தகத்தை மூடிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.