அரைச் சுற்று குறைவாக

என் அக்காவுக்குப் பிடிவாதம் அதிகம் என்று சொல்பவர்கள் எல்லாம் அவளிடம் ஏதாவது ஒரு விஷயத்தில் தோற்றவர்கள். நான் அவளுக்கு நேர் இளையவள், தோற்றதற்குக் கணக்கே இல்லை. ஆகவே நான் சொன்னால் நம்பலாம்.

இருவருக்கும் ஒரே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நான் முன்மேசையில் உட்கார்ந்து குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறேன். அவள் விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருகிறாள். நரம்பு ஒளிந்துகொண்ட கையில்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். பதினோரு வருடமாக அந்தச் சுற்று அவளுடையது. கூடத்துக்குள் நாள் முழுக்க உட்காரச் சொன்னால் அவளுக்கு மூச்சு முட்டும்.

அந்தச் சுற்றுக்குத்தான் வேட்டு வைக்கப் பார்த்தார்கள்.

எங்கள் வண்டி நிறுத்துமிடம் ரொம்பக் குறுகல். ஒருவர் வண்டியை எடுத்தால் பக்கத்து வண்டி சாயும். நான்கு மாதத்தில் இரண்டு முறை அக்காவின் வண்டி இடப்பக்கம் விழுந்து கிளட்ச் லீவர் முறிந்தது. எங்கள் வண்டிகளின் போல்ட்டுகளை எல்லாம் அவ்வப்போது இறுக்கிவிடுபவரும், இரண்டு முறையும் புது லீவர் மாட்டியவரும் எங்கள் வேன் ஓட்டுநர்தான். அவரை எல்லோரும் பயில்வான் என்போம். அவர் மூடிய பாட்டிலை வேறு யாரும் திறக்க முடியாது, அதில் அவருக்குப் பெருமை வேறு.

மூன்றாவது முறை முறிந்தது ஒரு நாள் காலையில், அவள் கிளம்பும் நேரத்தில். பதினான்கு பேர் வெறும் வயிற்றோடு காத்துக் கிடந்தார்கள். பயில்வானை வேனில் அனுப்பி, வேறு ஒரு நர்ஸைக் கெஞ்சிக் கூட்டிப்போய் ஒப்பேற்றினார்கள். மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, விழுந்தால் தூக்கக்கூட முடியாத வண்டி ஒரு பெண்ணுக்கு எதற்கு, பேசாமல் நாளையிலிருந்து உள்வேலை பார்க்கட்டுமே என்றார். அக்கறை போலத்தான் சொன்னார். சாயங்காலம் வரை பொறுங்கள், லீவரை நானே மாற்றுகிறேன் என்று மட்டும் அக்கா சொன்னாள்.

அன்று மதியம் அவள் முதலில் செய்த காரியம், முறிந்த மூன்று லீவர்களையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்ததுதான். மூன்றும் ஒரே இடத்தில் முறிந்திருந்தன. லீவரைக் கைப்பிடிக் குழாயோடு பிடித்து வைத்திருக்கும் கவ்வியைத் தொட்டுப் பார்த்தாள். பாறை மாதிரி இறுகிக் கிடந்தது.

டாங்க் மேல் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டாள். ஸ்பேனர் கை தவறினாலும் பெயிண்ட் போகக் கூடாதாம். கேபிளைத் தளர்த்திக் கழற்றி, புது லீவரை மாட்டி, அது அசையும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவினாள். அதுவரை யார் செய்தாலும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு ஏற்கெனவே இறுகியிருந்த கவ்வியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு விரலால் ஸ்பேனரைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். ரத்தம் எடுக்கும்முன் கையில் பட்டை கட்டுவாளே, நரம்பு எழும்ப வேண்டும், கை நீலமாகக் கூடாது, அந்தக் கணக்கு.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பயில்வான் ஸ்பேனருக்குக் கை நீட்டினார். இன்னும் அரைச் சுற்று இறுக்க வேண்டும் என்றார்.

"கையை எடுங்கண்ணே. நீங்க இறுக்கி இறுக்கித்தான் அது முறியுது. வண்டி விழும்போது லீவர் முறியாம சுத்திக்க இடம் வேணும்."

அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். நேராகப் போய் மேலாளரை அழைத்து வந்துவிட்டார். லீவரைத் தொளதொளவென்று விட்டிருக்கிறாள், நடுரோட்டில் கழன்றால் யார் பொறுப்பு என்று ஒரே முறையீடு. அக்கா அவரையே இழுத்துப் பார்க்கச் சொன்னாள். பயில்வான் கிளட்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு பத்துத் தடவை இழுத்தார். கவ்வி இம்மி நகரவில்லை. ஆனாலும் மனிதர் விடுவாரா?

"இப்ப நிக்கும்மா. விழுந்தா தெரியும் சேதி" என்றார்.

மேலாளரும் தலையாட்டினார். போல்ட்டைப் பயில்வான் இறுக்கட்டும், இல்லாவிட்டால் நாளைய சுற்றுக்கான வீட்டுப் பட்டியல் வேறு ஆளுக்குப் போகும் என்றார்.

"விழணும், அவ்வளவுதானே?"

அக்கா எங்கள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். பெட்ரோல் குழாயை மூடினாள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இடப்பக்கம் சாய்த்து, கையை விட்டாள்.

விழுந்த சத்தத்தில் உள்ளே காத்திருந்தவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். திறந்து பார்த்தபோது இடப்பக்க இண்டிகேட்டர் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. லீவர் மேல்நோக்கித் திரும்பியிருந்தது, முழுசாக.

பயில்வான் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். வண்டியைத் தூக்கக் கை கொடுக்க வந்தார்.

"யாரும் வராதீங்க."

வண்டிக்கு முதுகைக் காட்டி இருக்கையில் இடுப்பை முட்டுக் கொடுத்து, கைப்பிடியையும் பின்கம்பியையும் பிடித்து, காலை ஊன்றிப் பின்பக்கமாகவே உந்தினாள். முகம் ரத்தமாகச் சிவந்தது. ஒரு முறை சறுக்கினாள். இரண்டாவது முறை வண்டி எழுந்து நின்றது. உள்ளங்கையால் ஒரு தட்டு, லீவர் பழைய இடத்துக்கு வந்தது. பெட்ரோல் குழாயைத் திறந்து இன்ஜினைக் கிளப்பினாள். கிளட்சை இழுத்து, கியர் போட்டு, வாசல்வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள்.

இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. மேலாளர் முன்னால் கையை நீட்டினாள்.

"நாளைக்குப் பட்டியல் குடுங்க சார்."