உயிர்காப்பு அங்கி கட்டிய மூட்டை

அனலைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் படகேறிய எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தோம், அவரைத் தவிர. அவர் தீவின் சபை அலுவலகக் கிளாக்கர். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனை. தன் அங்கியை மடியிலிருந்த பொலித்தீன் மூட்டைக்குக் கட்டிவிட்டு, முடிச்சை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உதுக்குள்ளை என்ன அண்ணை?”

“ஊரின்ரை பழைய சோலைவரிப் புத்தகங்கள், தம்பி. பெரிய கந்தோரிலை ஸ்கான் பண்ணக் கேட்டிருக்கினம்.”

இடப்பெயர்வில் எங்கள் காணி உறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது. காணி எங்களுடையது என்று காட்ட, அதற்கு அம்மா வரி கட்டியதாக அந்தப் புத்தகங்களில் இருக்கும் பதிவு மட்டுமே மிச்சம்.

“அங்கியை நீங்கள் போடுங்கோ அண்ணை.”

“எனக்கு நீந்தத் தெரியும். உதுகளுக்குத் தெரியாதே.”

நடுக்கடலில் ஓர் அலை படகுக்குள் பாய்ந்தது. அவர் மூட்டையின்மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டார். இறங்குதுறையில் சொட்டச் சொட்ட நின்றபடி மூட்டையை அவிழ்த்தார். ஒரு தாளும் நனையவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் பஸ்ஸேறியதும், “நல்லகாலம், அவருக்கு நீந்தவாவது தெரியும்” என்றேன் படகோட்டியிடம்.

“ஆருக்கு, அவருக்கோ? முழங்கால் தண்ணியிலை இறங்கவே அந்தாள் பயப்பிடும்!”

நான் இன்னும் என் அங்கியைக் கழற்றாமலே நின்றிருந்தேன்.