கோயிலில் அழுதவள்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. சேர்ந்தே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவோம். ஞானஸ்நானமும் ஒரே நாளில்தான் வாங்கினோம்.

நான் நிறைமாதமாக இருந்தபோது புகைக்கூடத்தில் உலர்த்தியிருந்த ரப்பர் ஷீட்டுகள் களவு போயின. என் கணவர் தூக்கிப் போனதைக் கண்ணால் கண்டதாக யாரோ சொன்னார்களாம். யார் என்று கணக்கப்பிள்ளை சொல்லவில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என் கணவரை அங்கிருந்தே விரட்டினார். அவர் பெல்மதுளைப் பக்கம் வேலை தேடிப் போக, நான் அம்மாவோடு லயத்தில் தங்கினேன்.

பிரசவத்தின்போது கூடவே இருந்தவள் அந்தத் தோழிதான். பிள்ளையைக் குளிப்பாட்டி, "அப்பன் மூஞ்சி அப்படியே இருக்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மேலுள்ள பாசம் என்று நினைத்தேன்.

லெந்து என்னும் தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், கோயில் ஆராதனை நடுவே அவள் அழுதபடி எழுந்து நின்றாள்.

"ஒண்ணும் அறியாத மனுசன் மேல பொய்ப்பழி போட்டேன். ஆண்டவரே, மன்னிச்சிருங்க!"

யார் மேல், எதற்காக என்று சொல்லவில்லை. எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. ஆராதனை நடத்திய உபதேசியார் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மடியில் பிள்ளை பாலுக்கு அழுதது கூட என் காதில் விழவில்லை.

வெளியே அவளை மறித்தேன்.

"திருடினது யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. அவரக் காப்பாத்தத்தான் அக்கா... ஆண்டவரு என்னைய மன்னிச்சிட்டாரு."

"எங்கிட்ட கேட்டியா? தொரகிட்ட சொன்னியா?"

அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள்.

உபதேசியாரிடம் போனேன். அவள் சொல்லி அவருக்கு முன்பே தெரியுமாம்.

"மனந்திரும்பின ஆத்துமாவ நோகடிக்காதீங்கம்மா. நீங்களும் மன்னிச்சிருங்க."

"தப்பு வழியில போனவங்க நின்ன எடத்துலயே அழுதா பத்தாது, திரும்பி நடக்கணும்னு நீங்கதானய்யா சொல்லிக் குடுத்தீங்க? அவ எங்க நடந்தா? எம் புள்ளையோட அப்பன் இன்னும் கள்ளன்னு பேரு வாங்கிக்கிட்டு பெல்மதுளையில கெடக்குறாரு."

எல்லாம் தெரிந்துகொண்டே, என் கணவர் மனந்திரும்ப வேண்டும் என்று என்னோடு முழங்காலில் நின்று ஜெபித்தவர் அவர். அவளுடைய பொய்யை விட அதுதான் என்னை அதிகம் அறுத்தது.

அதன்பின் நான் கோயிலுக்குப் போகவில்லை. சில வாரம் கழித்து, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், அவள் நேரே கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்றாள். பின்னால் உபதேசியார் நின்றார்.

"களவெடுத்தது எம் புருசன். இந்த அக்கா வீட்டுக்காரரு இல்ல. பொய் சொன்னது நான்."

அவள் கணவன் பாய்ந்து வந்து அத்தனை பேர் முன்னிலையிலும் அவளை அறைந்தான். அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பி, "அக்கா, மன்னிச்சிருங்க" என்றாள்.

துரை அவர்களைத் தோட்டத்திலிருந்து அனுப்பிவிட்டார். என் கணவரைத் திரும்பி வரச் சொல்லி ஆள் போனது. "கள்ளன்னு வெரட்டின எடத்துக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

பெரட்டில் அவள் செய்தது மனந்திரும்புதல்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளை மன்னித்ததாக ஜெபத்தில் பலமுறை சொல்லியும் இருக்கிறேன். ஆனால் புதுத் தோட்டத்தில் எந்தப் பெண்ணோடும் நான் அப்படி ஒட்டவில்லை.