இரண்டாவது அடி

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலம் அது. அண்ணனோடு சேர்ந்து நானும் சிலம்பம் பழகியிருந்தேன்.

ஒரு மத்தியானம் டிக்கோயாவிலிருந்து தேயிலை மலை வழியாக நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த காலடிச் சத்தம் நான் நின்றதும் நின்றது. கையிலிருந்த கம்பை இறுக்கிப் பிடித்துத் திரும்பினேன். எங்கள் தோட்டத்து ஆள்தான். நல்ல போதை, கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

"சத்தம் போடாத" என்று நெருங்கினான்.

மணிக்கட்டில் அடித்தேன். கத்தி விழுந்தது. கம்பு மறுபடி உயர்ந்தபோது தலையை மூடிக்கொண்டு, "அடிக்காதீங்க தங்கச்சி" என்று அழுதான்.

கத்தியைப் பாதையோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளிவிட்டு, முதுகு காட்டாமல் பின்வாங்கி, வளைவு தாண்டியதும் ஓடினேன்.

"மண்டையில ஒண்ணு போட்டிருக்கலாம்ல?" என்றார் அண்ணன், வீட்டில் நான் நடந்ததைச் சொன்னதும்.

"எதுக்குண்ணே? அதான் வீடு வந்து சேந்துட்டேனே."

ஜெயிக்கத்தான் சிலம்பம் என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன்.