பனிக்குள் வந்த பாங்கு

பினாங்கின் பழைய பள்ளிவாசலில் மகளோடு குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பாங்கு ஒலித்தது. நினைவில் நான், ரிங்லெட் மலையூருக்கு மேலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அங்கே லோரி டிரைவர்கள் தொழுத சூரா என்ற சின்னத் தொழுகைக்கூடத்தில் குவிமாடமில்லை, ஒலிபெருக்கியில்லை. மழை தடதடக்கும் தகரக்கூரையும் ஒரு கரகரத்த குரலும்தான். சாயங்காலம் மூடுபனி இறங்கிப் பாதை மறைந்துவிட்டால், கொழுந்துக் கூடையோடு மேட்டில் நிற்கும் அம்மா, அந்தக் குரல் வரும் திசையைப் பிடித்துக்கொண்டே லயத்து வீட்டுக்கு இறங்குவாள்.

"பாங்கு சொல்லிட்டாங்க லா, இப்ப வந்துருவா" என்பார் அப்பா. ஈரக் கொழுந்து வாசனைதான் முதலில் வரும், பிறகு அம்மா.

இன்று அந்தச் சூராவும் இல்லை, அம்மாவும் இல்லை.

பாங்கு முடிந்தும் நான் வாசலையே பார்த்து நின்றேன்.

"யாரத் தேடுறீங்கம்மா?" என்றாள் மகள்.